ஐந்து சர்வர்களை ஒரே பெட்டிக்குள் கொண்டுவரலாமா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் சுமார் 70 பேர் வேலை செய்கிறோம். லாகின் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர், ஃபைல் சர்வர், கணக்கு மென்பொருளின் டேட்டாபேஸ், மெயில், வருகைப்பதிவு என்று ஐந்து சர்வர்கள் ஓடுகின்றன. எல்லாமே பழையவை. இவற்றைத் தூக்கிவிட்டு ஒரே பெரிய சர்வர் வாங்கி, ஐந்தையும் அதற்குள் விர்ச்சுவல் மெஷின்களாக ஓட்டலாம் என்கிறார் விற்பனையாளர். ஒரு கணத்தின் நிலையை அப்படியே பிடித்து வைக்கும் ஸ்னாப்ஷாட் வசதி இருப்பதால் தனியாக பேக்கப்கூட வேண்டாமாம். நம்பி இறங்கலாமா?

பதில்: விர்ச்சுவல் மெஷினுக்கு மாறுங்கள், நல்ல முடிவு. ஆனால் ஒரே பெரிய சர்வர் வாங்காதீர்கள். நடுத்தரமாக இரண்டு வாங்குங்கள். ஸ்னாப்ஷாட் இருந்தால் பேக்கப் வேண்டாம் என்று சொல்பவரிடம் மற்ற விஷயங்களையும் ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக விஎம், வெளியிலிருந்து பார்த்தால் சில ஃபைல்கள்தான். அதன் டிஸ்க் முழுவதும் ஒரு பெரிய ஃபைல். எத்தனை கோர், எவ்வளவு ராம், எந்த நெட்வொர்க் என்று குறித்து வைத்த ஃபைல் இன்னொன்று. அதற்குள் ஓடும் விண்டோஸோ லினக்ஸோ தனக்கென்று ஒரு கணினி இருப்பதாகவே வேலை செய்யும். உண்மையான சிபியுவையும் ராமையும் டிஸ்க்கையும் பங்கிட்டுக் கொடுப்பது அடியில் இருக்கும் ஹைப்பர்வைசர். அது ஓடும் உண்மையான கணினியை ஹோஸ்ட் என்கிறோம்.

இது புதிய சரக்கு இல்லை. ஐபிஎம் 1972-லேயே தன் பெரிய கணினிகளுக்கு விஎம்/370-ஐ அறிவித்தது. நம் அலுவலகங்களில் இருக்கும் எக்ஸ்86 சிபியுக்கள்தான் இதற்கு ஒத்துவராமல் இருந்தன. 1999-இல் விஎம்வேர் நிறுவனம் அதை மென்பொருள் வழியாகவே சமாளித்தது. 2005, 2006-இல் இன்டெலும் ஏஎம்டியும் சிபியுவுக்குள்ளேயே அதற்கான வசதியை வைத்தன. அதனால் வேகம் குறைந்துவிடுமோ என்ற பயம் உங்கள் அளவு அலுவலகத்துக்கு இன்று தேவையில்லை. சேவைகள் தாமதமானால், காரணம் பெரும்பாலும் கோர், ராம், டிஸ்க் எவ்வளவு வேண்டும் என்று தப்பாகப் போட்ட கணக்காகத்தான் இருக்கும்.

கணக்குக்குப் போகும் முன் ஒரே பெட்டி ஏன் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். இன்று உங்கள் வருகைப்பதிவு சர்வரின் மதர்போர்டு போனால் வருகைப்பதிவு மட்டும் நிற்கும். மெயிலும் கணக்கும் ஓடிக்கொண்டிருக்கும். ஐந்தும் ஒரே ஹோஸ்டில் இருந்தால், மதர்போர்டு போகும் அன்று 70 பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இரட்டை பவர் சப்ளையும், ஒரு டிஸ்க் போனாலும் டேட்டாவைக் காக்கும் ரெய்டு அமைப்பும் இருக்கிறதே என்பார்கள். அவை டிஸ்க்கையும் மின்சாரத்தையும் காக்கும். மதர்போர்டை, ரெய்டு கன்ட்ரோலரை, ஹைப்பர்வைசர் அப்டேட் பாதியில் நின்று போவதைக் காக்காது. விஎம் ஒரு ஃபைல் என்பதன் பெரிய லாபமே, பெட்டி போனாலும் சர்வர் பிழைத்து வேறு பெட்டியில் எழுந்துவிடலாம் என்பதுதான். அந்த வேறு பெட்டியே இல்லை என்றால் லாபத்தில் பாதி போயிற்று.

சரி, இரண்டு ஹோஸ்ட். ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிது? விதி இதுதான்: ஒன்று விழுந்தால் மற்றது ஐந்து சர்வர்களையும் தனியாகச் சுமக்க வேண்டும். பழைய சர்வர்களில் என்ன பொருத்தியிருக்கிறது என்று பார்த்துக் கூட்டாதீர்கள். உண்மையில் எவ்வளவு பயன்படுகிறது என்று இரண்டு மூன்று வாரம் அளந்து பாருங்கள். மாதக் கடைசிக் கணக்கு முடிப்பும் அந்த நாட்களுக்குள் வர வேண்டும்.

உதாரணத்துக்கு, ஐந்திலும் தலா 32 ஜிபி ராம் என்றால் மொத்தம் 160. அளந்து பார்த்த பிறகு டொமைன் கன்ட்ரோலருக்கு 4, ஃபைல் சர்வருக்கு 8, டேட்டாபேஸுக்கு 24, மெயிலுக்கு 16, வருகைப்பதிவுக்கு 4 என்று வந்தால் கூட்டுத்தொகை வெறும் 56 ஜிபி. ஹைப்பர்வைசருக்குக் கொஞ்சம் வேண்டும். இசட்எஃப்எஸ் டிஸ்க் அமைப்பு போட்டால் அடிக்கடி தேவைப்படும் டேட்டாவைக் கைவசம் வைத்திருக்கும் அதன் கேச்சுக்கும் ராம் வேண்டும். 64 மூச்சு முட்டும். ஒவ்வொரு ஹோஸ்டிலும் 128 போட்டால் சில வருடம் கவலை இல்லை. டேட்டாபேஸில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருள், வரம்பு வைக்காவிட்டால், இருக்கும் ராமையெல்லாம் கேச்சுக்கு எடுத்துக்கொள்ளும். 32-இல் 30 பயன்படுகிறது என்று டாஸ்க் மேனேஜர் காட்டினால், 30 தேவை என்று அர்த்தம் இல்லை. வரம்பைப் படிப்படியாகக் குறைத்து, எந்த இடத்தில் டிஸ்க் வாசிப்பு கூடுகிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சிபியுவில் பலர் நேர்மாறாகத் தப்பு செய்கிறார்கள். மெஷின் மெதுவாக இருக்கிறதா, எட்டு கோர் கொடு என்பார்கள். பேருந்தில் இரண்டு பேருக்கு சீட் சட்டென்று கிடைத்துவிடும். எட்டுப் பேர் சேர்ந்தேதான் உட்காருவோம் என்றால் காத்திருக்க வேண்டியதுதான். கோர்கள் நெருக்கடியில் இருக்கும்போது அகலமான விஎம்முக்கும் அதே கதிதான். எல்லா விஎம்மையும் இரண்டு விர்ச்சுவல் கோரில் தொடங்குங்கள், டேட்டாபேஸை நான்கில். தேவைப்பட்டால் கூட்டிக்கொள்ளலாம். விஎம்வேரில் சிபியு ரெடி என்ற அளவு இந்தக் காத்திருப்பைத்தான் காட்டுகிறது. அதன் நேரடி வரைபடம் 20 நொடிக்கு ஒரு புள்ளி போடும்; ஒரு விர்ச்சுவல் கோருக்கு அந்தப் புள்ளி 1000 மில்லிநொடி என்றால் 5 சதவீத நேரம் வரிசையில் நின்றிருக்கிறது. அங்கிருந்துதான் பயனாளர்களின் புகார் தொடங்கும்.

உண்மையான நெருக்கடி டிஸ்க்கில்தான். இதுவரை ஐந்து சர்வர்களுக்கும் தனித்தனி டிஸ்க் இருந்தது. இப்போது ஒரே டிஸ்க் தொகுப்பை எல்லாம் சேர்ந்து அடிக்கும். ஒவ்வொன்றும் வரிசையாகப் படித்தாலும், ஐந்தும் கலந்து வரும்போது டிஸ்க்குக்கு அது தாறுமாறான வாசிப்புதான். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க் ஒன்று இப்படிப்பட்ட வாசிப்பை நொடிக்கு நூறு முறை செய்தாலே பெரிது. எஸ்எஸ்டி பல்லாயிரம் முறை செய்யும். சிபியுவில் மிச்சம் பிடித்தாவது சர்வர்களுக்கென்றே செய்த எஸ்எஸ்டி வாங்குங்கள். வீட்டுக் கணினிக்கான எஸ்எஸ்டி இப்படி ஓயாமல் எழுதும் சுமையைத் தாங்காது. அப்புறம், தின் ப்ரொவிஷனிங்கில் கவனம் வேண்டும். 2 டிபி இடத்தில் 4 டிபி கணக்குக்கு டிஸ்க்குகளைக் கொடுக்க அது அனுமதிக்கும். உண்மையான இடம் தீரும் நிமிடத்தில் அதில் எழுத முயலும் விஎம்கள் எல்லாம் ஒட்டுமொத்தமாக நின்றுபோகும். 80 சதவீதத்திலேயே எச்சரிக்கை வரும்படி வைத்துவிடுங்கள்.

இரண்டு ஹோஸ்டுக்கும் பொதுவாக ஒரு ஸ்டோரேஜ் பெட்டி வாங்கச் சொல்வார்கள். உங்கள் அளவுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒற்றைப் பெட்டி ஆபத்தை ஹோஸ்டிலிருந்து ஸ்டோரேஜுக்கு இடம் மாற்றியதுபோல ஆகிவிடும். ஒவ்வொரு ஹோஸ்டிலும் சொந்த எஸ்எஸ்டி, ஒன்றிலிருந்து மற்றதற்குத் தொடர் நகல் என்பதே போதும். விண்டோஸோடு வரும் ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வியின் ரெப்ளிகா வசதி 30 நொடி, 5 நிமிடம் அல்லது 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றங்களை அனுப்பும். லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம் மேல் கட்டப்பட்ட ப்ராக்ஸ்மாக்ஸும் இசட்எஃப்எஸ் டிஸ்க்கில் இதைச் செய்யும். நாம் மாற்றாவிட்டால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை. ஹோஸ்ட் திடீரென்று செத்தால் அந்தக் கடைசி சில நிமிட வேலை போகும். ஃபைல் சர்வருக்குப் பரவாயில்லை. கணக்கு டேட்டாபேஸுக்கு அது கூடாது என்று உங்கள் கணக்குப் பிரிவு சொன்னால், டேட்டாபேஸின் சொந்த நகல் வசதியைத் தனியாக அமைக்க வேண்டும். இந்தக் கேள்வியை ஐடி ஆட்கள் மட்டும் முடிவு செய்யாமல், கணக்குப் பிரிவிடம் நேரில் கேளுங்கள்.

ஒன்று விழுந்தால் மற்றது தானாகவே பொறுப்பேற்கும்படி இரண்டு ஹோஸ்டையும் கிளஸ்டராக இணைத்தால் மூன்றாவது ஓட்டு ஒன்று வேண்டும். நடுவில் உள்ள கேபிள் அறுந்தால் இரண்டு ஹோஸ்டும் மற்றது செத்துவிட்டது என்று நினைக்கும். இரண்டும் ஒரே விஎம்மைக் கிளப்பினால் டேட்டா இரண்டாகப் பிரிந்துபோகும். யார் பக்கம் பெரும்பான்மை என்று சொல்ல ஒரு சின்னக் கணினி போதும். அது அந்த இரண்டு ஹோஸ்டுக்கும் வெளியே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எந்த ஹைப்பர்வைசர்? விஎம்வேர் தொழில்நுட்பத்தில் மிக நல்லது. ஆனால் 2023 நவம்பரில் பிராட்காம் அதை வாங்கிய பிறகு நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திவிட்டார்கள். இப்போது சந்தா மட்டும்தான். இரண்டு ஹோஸ்ட் அலுவலகம் அதில் புதிதாகப் போய் நுழைய வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை. உங்கள் ஆட்கள் விண்டோஸில் பழகியவர்கள் என்றால் ஹைப்பர்-வி, லினக்ஸ் தெரிந்தவர் ஒருவராவது இருந்தால் ப்ராக்ஸ்மாக்ஸ். ராத்திரி இரண்டு மணிக்குப் பிரச்சினை வந்தால் யாருக்கு எது கைவரும் என்பதே இங்கே அளவுகோல்.

உரிமக் கணக்கை விற்பனையாளர் பெரும்பாலும் கடைசியில்தான் எடுப்பார். நீங்கள் முதலிலேயே எடுங்கள். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்ட் பதிப்பை ஹோஸ்டின் எல்லா கோர்களுக்கும் வாங்க வேண்டும், குறைந்தது 16 கோர். அப்படி ஒரு செட் வாங்கினால் அந்த ஹோஸ்டில் இரண்டு விண்டோஸ் விஎம் ஓட்டலாம். உங்களுக்கு ஆறு வரும், ஏனென்றால் டொமைன் கன்ட்ரோலர் இரண்டாக வேண்டும். ஆக மூன்று செட். விஎம்கள் இரண்டு ஹோஸ்டுக்கும் இடையே போய்வர வேண்டுமானால் இரண்டிலும் மூன்று மூன்று. 32 கோர் சிபியுவை ஆசைப்பட்டு வாங்கினால் இது அப்படியே இரட்டிப்பாகும். உங்களுக்கு ஹோஸ்டுக்கு 16 கோர் தாராளம். வருகைப்பதிவோ மெயிலோ லினக்ஸில் ஓடுமானால் இன்னும் குறையும்.

இப்போது ஸ்னாப்ஷாட்டுக்கு வருகிறேன். ஸ்னாப்ஷாட் எடுத்ததும் மூல டிஸ்க் ஃபைல் அப்படியே உறைந்துவிடும். அதற்குப் பிறகு எழுதப்படும் எல்லாம் பக்கத்தில் இன்னொரு ஃபைலில் சேரும். மூல ஃபைல் கெட்டால் ஸ்னாப்ஷாட்டும் பயனற்றது. இரண்டும் ஒரே டிஸ்க்கில்தான் இருக்கின்றன. பக்கத்து ஃபைல் நாளுக்கு நாள் வீங்கி இடத்தைத் தின்னும், வேகத்தையும் குறைக்கும். ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்று விஎம்வேரே சொல்கிறது. அப்டேட் போடும் முன் எடுங்கள், எல்லாம் சரியாக இருந்தால் அன்றே அழித்துவிடுங்கள். அதற்குத்தான் அது. மேலே சொன்ன தொடர் நகலும் பேக்கப் இல்லை; இங்கே அழிந்தது அங்கேயும் கொஞ்ச நேரத்தில் அழிந்துவிடும்.

பேக்கப் ஹோஸ்டுகளுக்கு வெளியே, தனிக் கணினியில், தனிப் பாஸ்வேர்டோடு இருக்க வேண்டும். அந்தக் கணினியை டொமைனில் சேர்க்காதீர்கள். இன்னொரு நகல் கட்டிடத்துக்கு வெளியே. நான் இதில் இவ்வளவு கறாராக இருக்கக் காரணம் உண்டு. 2023 பிப்ரவரியில் ஈஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ் என்ற ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் மென்பொருள், உலகெங்கும் விஎம்வேர் ஹோஸ்டுகளைத் தாக்கியது. உள்ளே இருந்த விண்டோஸைத் தொடவே இல்லை. ஹைப்பர்வைசர் வழியாக நுழைந்து விஎம் ஃபைல்களையே பூட்டியது. அந்த ஓட்டைக்கான பேட்ச் 2021 பிப்ரவரியிலேயே வந்திருந்தது. ஹைப்பர்வைசரின் நிர்வாகப் பக்கத்தை எக்காரணம் கொண்டும் இன்டர்நெட்டுக்குத் திறக்காதீர்கள். அலுவலகக் கணினிகள் இருக்கும் நெட்வொர்க்கிலிருந்தும் பிரித்து வையுங்கள்.

மாற்றும்போது வருகைப்பதிவில் தொடங்குங்கள். தவறு நடந்தால் சேதம் குறைவு, கையும் பழகும். பழைய டிஸ்க்கை அப்படியே விஎம்மாக மாற்றித் தரும் கருவிகள் உண்டு. மறுபடி நிறுவ முடியாத பழைய மென்பொருளுக்கு மட்டும் அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பின் பழைய சர்வரின் நெட்வொர்க் கேபிளை உருவிவிடுங்கள், ஒரே பெயரில் இரண்டு மெஷின் எழுந்தால் குழப்பம்தான். டேட்டாபேஸுக்குப் புதிய விஎம்மில் சுத்தமாக நிறுவி, பேக்கப்பிலிருந்து மீட்டெடுங்கள். பேக்கப் வேலை செய்கிறதா என்ற சோதனையும் அதிலேயே முடிந்துவிடும். டொமைன் கன்ட்ரோலரை ஒருபோதும் நகலெடுத்து மாற்றாதீர்கள். புதிதாக இரண்டு உருவாக்கி, டொமைனில் சேர்த்து, தகவல் தானாகப் பரவியதும் பழையதை முறைப்படி விலக்குங்கள். இரண்டும் வெவ்வேறு ஹோஸ்டில் இருக்கட்டும். ஹோஸ்டுகளின் லோக்கல் நிர்வாகி பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதிப் பூட்டி வையுங்கள். டொமைன் கன்ட்ரோலர் எழாத நாளில் ஹோஸ்டுக்குள் நுழைய வேறு வழி இருக்காது. கணக்கு மென்பொருளுக்கு யுஎஸ்பி டாங்கிள், அதாவது செருகியிருந்தால்தான் மென்பொருள் ஓடும் உரிமச் சாவி, உண்டா என்றும் இப்போதே பாருங்கள். அதை ஒரு ஹோஸ்டில் செருகினால் அந்த விஎம் அங்கேயே கட்டுப்பட்டுவிடும். நெட்வொர்க் வழியாக யுஎஸ்பி தரும் சின்னப் பெட்டி ஒன்று தேவைப்படலாம்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும், ஒரு விடுமுறை நாளில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு ஒரு ஹோஸ்டின் பவர் கேபிளைப் பிடுங்குங்கள். எத்தனை நிமிடத்தில் யார் யார் எழுகிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். முதலில் டொமைன் கன்ட்ரோலர், அடுத்து டேட்டாபேஸ், பிறகு மற்றவை என்ற வரிசை அமைந்திருக்க வேண்டும். இதில் தேறிய பிறகும் பழைய ஐந்தையும் ஒரு மாதக் கணக்கு முடியும் வரை அணைத்தே வைத்திருங்கள். அதன் பின் டிஸ்க்குகளை முழுமையாக அழித்துவிட்டுக் கொடுத்துவிடலாம்.