முன்சக்கரம் ஏன் உதறுகிறது? ஃபோர்டு மாடல் டி கேள்வி பதில்

கேள்வி: 1923 டூரிங் கார். 20 மைல் வேகத்தில் பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீயரிங் உதற ஆரம்பிக்கிறது. வேகத்தைக் குறைத்தால்தான் அடங்குகிறது. சக்கரத்தை பேலன்ஸ் செய்தால் போதுமா?

பதில்: போதாது. பேலன்ஸ் கோளாறு என்றால் பள்ளமே இல்லாமல், குறிப்பிட்ட வேகத்தில் தானாக வரும். இது பிளே (மூட்டுகள் தேய்ந்து வரும் ஆட்டம்), அல்லது காஸ்டர் (சக்கரம் இடம் வலம் திரும்பும் செங்குத்து ஊசியின் பின்சாய்வு). முன் ஆக்சிலை ஜாக்கில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஸ்பிண்டிலும் (சக்கரம் சுழலும் அச்சுத்துண்டு) கூடவே ஆடினால் கிங்பின் (அந்தச் செங்குத்து ஊசி) புஷ் (அதைச் சுற்றிய உறை) போய்விட்டது. சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங். பிறகு கீழே இறக்கி, ஒருவர் ஸ்டீயரிங்கை இடம் வலமாக லேசாகத் திருப்ப, நீங்கள் டை ராட் (இரு சக்கரங்களையும் இணைக்கும் கம்பி), டிராக் லிங்க் (ஸ்டீயரிங்கிலிருந்து அதற்கு வரும் கம்பி) முனைகளில் விரலை வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பும் ஆட்டம் விரலுக்குத் தப்பாது.

கேள்வி: டிராக் லிங்க் மூடியை அராவி இறுக்கிவிட்டேன். இப்போது திருப்பினால் பிடிக்கிறதே?

பதில்: மூடிக்குள் இருக்கும் பந்து நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறது. நேராகப் போகையில் தேய்ந்த இடத்துக்கு இறுக்கினால், திருப்பும்போது தேயாத பகுதி வந்து சிக்கும். பந்தைத்தான் மாற்ற வேண்டும்.

கேள்வி: காஸ்டர் எவ்வளவு, எப்படி அளப்பது ஐயா?

பதில்: 5½ டிகிரி. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, கிங்பின்னுக்கு இணையாக ஒரு நேர்சட்டத்தையும் பக்கத்தில் தூக்குக்குண்டையும் பிடியுங்கள். 10 அங்குல உயரத்துக்கு ஏறக்குறைய 1 அங்குலம் மேல்முனை பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். இரு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். வேறுபட்டால் ஆக்சில் முறுக்கியிருக்கிறது. சாய்வு குறைவு என்றால் ரேடியஸ் ராட் (ஆக்சிலைப் பின்னாலிருந்து தாங்கும் கம்பி) வளைந்திருக்கலாம், அதன் பின்முனைப் பந்து மூடி தளர்ந்திருக்கலாம். முன்னால் சாய்ந்திருந்தால் ஸ்பிரிங் பெர்ச்சுகளை (ஸ்பிரிங் முனையை ஆக்சிலில் பூட்டும் துண்டுகள்) இடம் வலம் மாற்றிப் பூட்டியிருப்பார்கள். அந்த வண்டியை ஓட்டாதீர்கள். திருப்பிய சக்கரம் நேருக்கு வராது, மேலும் திரும்பும். கூட இருந்தால் நல்லது என்று காஸ்டரை ஏற்றவும் வேண்டாம், அதற்கும் உதறும்.

கேள்வி: டோ-இன் (முன்சக்கரங்கள் பின்பக்கத்தைவிட முன்பக்கம் நெருங்கியிருக்கும் அளவு) எவ்வளவு?

பதில்: 3/16 முதல் 1/4 அங்குலம். ரிம்மில் சாக்பீஸால் குறியிட்டு, முன்பக்கம் அச்சு உயரத்தில் அளந்து, வண்டியை அரைச் சுற்று உருட்டி, அதே குறிகளைப் பின்பக்கம் அளக்கவும். மரச்சக்கரக் கோணல் அளவில் கலக்காது.

கேள்வி: பலூன் டயர் (காற்றழுத்தம் குறைந்த அகல டயர்) போட்டபின் உதறல் அதிகமாகிவிட்டதே?

பதில்: 1920களின் நடுவில் பல கம்பெனிகளுக்கும் வந்த தலைவலி இது. மெத்தென்ற டயர் பக்கவாட்டில் நெளியும். சுழலும் சைக்கிள் சக்கரத்தை அச்சில் பிடித்துச் சாய்த்துப் பாருங்கள், கையை முறுக்கிப் பக்கவாட்டில் திரும்பும். ஒற்றை ஆக்சிலில் ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் இரண்டுமே சாய்கின்றன, இரண்டுமே திரும்பப் பார்க்கின்றன. காற்று குறைந்தால் இன்னும் மோசம். ஃபோர்டு 4.40-21 பலூன் டயருக்காக ஸ்டீயரிங் கியரையே 4:1லிருந்து 5:1 ஆக்கியது.

கேள்வி: டாம்பர் (உதறலை அடக்கும் கருவி) போட்டுவிடலாமா?

பதில்: மேலே சொன்ன எல்லாம் சரியானபின் போடுங்கள். அதற்குமுன் போட்டால் தேய்ந்த புஷ் கண்ணில் படாமல் மேலும் தேயும்.