சிஸ்லாக் நின்றுபோகும் இடங்கள்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே லாக் எழுதும் ப்ரோகிராம் கோடு பற்றியவை. ப்ரோகிராம் தன் செய்தியைச் சிஸ்டத்தின் லாக்குக்கு அனுப்பக் கூப்பிடும் சி ஃபங்ஷன்தான் சிஸ்லாக்; அந்த வரிகளுக்கு முன்னால் வரும் பெயரைக் கொடுப்பது ஓபன்லாக். ஒரு சின்ன ஏற்பாடு: லாக் என்றால் பதிவு. த்ரெட்கள் (ஒரே ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் உள்ளே போகப் பிடித்துக்கொள்ளும் இன்னொரு லாக்கைப் 'பூட்டு' என்றே எழுதுகிறேன். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன!

ஓபன்லாக்கில் கொடுத்த பெயர் லாக் ஃபைலில் சில சமயம் குப்பையாக வருகிறது. த்ரெட் பிரச்சினையா சார்?

த்ரெட் மேல் பழி போடாதீர்கள். லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியின் ஓபன்லாக் நீங்கள் கொடுக்கும் பெயரைக் காப்பி எடுக்காது. பாயின்டரை, அதாவது பெயர் இருக்கும் முகவரியை, மட்டும் வைத்துக்கொள்ளும். நீங்கள் அனுப்பிய கோடில் பெயர் இருப்பது ஃபங்ஷனுக்குள் அறிவித்த 64 பைட் அரேயில். ஃபங்ஷன் முடிந்ததும் அந்த இடத்தில் வேறு எதுவும் வந்து உட்காரலாம். அரே அறிவிப்புக்கு முன்னால் 'ஸ்டாட்டிக்' போட்டால் சரியாகிவிடும். அப்புறம், த்ரெட்டுக்கு ஒரு பெயர் வைக்கப் பார்க்காதீர்கள். பெயர் ப்ராசஸ் முழுவதற்கும் ஒன்றுதான். கடைசியாகக் கூப்பிட்டவர் வைத்ததே நிற்கும்.

மேன் பக்கத்தில் சிஸ்லாக் 'எம்டி-சேஃப்' என்றிருக்கிறது. ஆனாலும் பின்னணியில் ஓடும் எங்கள் டீமன் எப்போதாவது அப்படியே உறைந்துவிடுகிறது. சிபியு பூஜ்யம்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் விடை இருக்கிறது: 'டைம்அவுட் ஆனால் சிக்னல் ஹேண்ட்லரே லாக் எழுதிவிடும்.' எம்டி-சேஃப் என்றால் பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் கூப்பிடலாம் என்று மட்டுமே பொருள். சிக்னல் வேறு சங்கதி: அது வந்ததும் த்ரெட் செய்துகொண்டிருந்த வேலையைப் பாதியில் விட்டு ஹேண்ட்லர் ஃபங்ஷனுக்குத் தாவும். ஒரு த்ரெட் சிஸ்லாக்குக்குள் பூட்டைப் பிடித்திருக்கும்போது அதே த்ரெட்டுக்குச் சிக்னல் வருகிறது. ஹேண்ட்லர் மறுபடி சிஸ்லாக்கைக் கூப்பிட்டு அதே பூட்டுக்குக் காத்திருக்கிறது. அதைத் திறக்க வேண்டிய ஆளும் அதே த்ரெட்தான்! அடுத்த முறை உறையும்போது ஜிடிபி டீபக்கரை மாட்டிப் பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியல்) பாருங்கள். சிஸ்லாக் இரண்டு முறை இருக்கும், நடுவில் 'சிக்னல் ஹேண்ட்லர் கால்டு' என்ற வரி.

உறைவதோடு நின்றால் அதிர்ஷ்டம். 2024 ஜூலையில் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட 'ரெக்ரெஷன்' ஓட்டை இதே குடும்பம்தான். தொலைவிலிருந்து லாகின் செய்ய உதவும் ஓபன்எஸ்எஸ்எச் சர்வரில் லாகின் நேரம் கடந்ததும் சிக்அலாரம் என்ற டைமர் சிக்னலின் ஹேண்ட்லர் சிஸ்லாக்கைக் கூப்பிட்டது. அது உள்ளே மெமரி ஒதுக்கும் மல்லாக் வரை போனது. மல்லாக் பாதி வேலையில் இருக்கும்போது சிக்னல் வந்தால் அது நிர்வகிக்கும் மெமரியான ஹீப் சிதையும். அதை வைத்து சர்வரின் ரூட் அதிகாரத்தையே பிடிக்கலாம் என்று காட்டினார்கள். 2006-லேயே அடைத்த ஓட்டை, ஓபன்எஸ்எஸ்எச் பதிப்பு 8.5பி1-இல் திரும்ப வந்து 9.8பி1-இல்தான் மூடியது. ஓபன்பிஎஸ்டி ஆபரேட்டிங் சிஸ்டம் தப்பியது; அங்கே ஹேண்ட்லர் கூப்பிடுவது அதற்கென்றே செய்த சிஸ்லாக்_ஆர்.

நீங்கள் ஹேண்ட்லரில் ஒரு ஃபிளாகை மட்டும் ஏற்றுங்கள், அல்லது பைப்பில் ஒரு பைட் எழுதுங்கள். லாக் எழுதுவது மெயின் லூப்பின் வேலை.

ஃபோர்க் ஆன சைல்டு, எக்செக் செய்யும் முன்பே நின்றுவிடுகிறது. அங்கே ஒரே ஒரு த்ரெட்தானே இருக்கிறது?

அதுதான் சிக்கல். ஃபோர்க் ப்ராசஸைக் காப்பி எடுத்துச் சைல்டு ஆக்கும்; எக்செக் அதில் வேறு ப்ரோகிராமை ஏற்றும். ஃபோர்க் கூப்பிட்ட த்ரெட் மட்டும் சைல்டுக்கு வரும். மற்ற த்ரெட் பிடித்திருந்த பூட்டு, பூட்டியபடியே காப்பியாகும். திறக்க அங்கே ஆள் கிடையாது. பல த்ரெட் ஓடும் ப்ராசஸில் ஃபோர்க்குக்கும் எக்செக்குக்கும் நடுவே சிஸ்லாக் வேண்டாம். பேரன்ட்டில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

சொந்த லாகிங் லைப்ரரி. லோடு ஏறினால் சில வரிகளில் நேரம் தப்பாக வருகிறது.

நேரத்தைத் தேதி, மணி என்று பிரித்துத் தரும் லோக்கல்டைம் ஃபங்ஷன் எல்லோருக்கும் ஒரே ஸ்டாட்டிக் இடத்தைத்தான் திருப்பித் தரும். ஒரு த்ரெட் படிக்கும்போதே இன்னொன்று மேலே எழுதிவிடும். லோக்கல்டைம்_ஆர் போடுங்கள். அதையும் சிக்னல் ஹேண்ட்லருக்குள் கொண்டுபோகாதீர்கள். டைம்ஸோனுக்கென்று அது தனியாக ஒரு பூட்டு வைத்திருக்கிறது.