டைவிங் டிப்ஸ் பணத்தை ஏஜென்ட் கையில் கொடுக்காதீர்கள்

கேள்வி: நானும் மனைவியும் புதுச்சேரியில் ஓபன் வாட்டர் என்னும் ஸ்கூபா டைவிங் ஆரம்பப் பயிற்சி முடித்திருக்கிறோம். அடுத்த மாதம் மாலத்தீவில் ஒரு ரிசார்ட்டில் ஐந்து நாள் தங்குகிறோம், அதில் மூன்று நாள் டைவிங். பேக்கேஜ் போட்டுக் கொடுத்த ஏஜென்ட், டைவிங் ஊழியர்களுக்கு டிப்ஸ் என்று ஆளுக்கு 8,000 ரூபாய் முன்கூட்டியே கேட்கிறார். ‘அங்கே கட்டாயம், நாங்களே சேர்த்துவிடுவோம்’ என்கிறார். கொடுக்கலாமா? நாங்களே கொடுப்பதானால் யாருக்கு, எவ்வளவு? பணத்துக்குப் பதில் பொருள் ஏதாவது வாங்கிப் போகலாமா?
– ராயபுரம் வாசகர்

பதில்: கொடுக்காதீர்கள். ஒரு ரூபாய்கூட.

டிப்ஸ் எங்கேயும் கட்டாயம் கிடையாது. கட்டாயம் என்றால் அது கட்டணம், அதற்கு ரசீது வேண்டும். உங்கள் ஏஜென்டிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இந்த 16,000 எந்த டைவ் சென்டருக்குப் போகிறது, அவர்கள் வாங்கிக்கொண்டதாக மெயில் வருமா?’ பெரும்பாலும் அடுத்த நாளே ‘சரி சார், அங்கேயே பார்த்துக்கோங்க’ என்று இறங்கிவிடுவார். இந்த வசூலை நான் பல குழுக்களில் பார்த்துவிட்டேன். சென்னையில் கொடுத்த பணம் படகில் வேலை செய்யும் பையன் கைக்குப் போய்ச் சேர்ந்ததாக ஒருவரும் எனக்குக் காட்டியதில்லை. இதில் இன்னொரு வேடிக்கை, அந்தத் தொகையைப் பேக்கேஜ் பில்லிலேயே ஏற்றினால் அதன்மேல் டி.சி.எஸ். (வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜில் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) வேறு பிடிப்பார்கள். டிப்ஸுக்கு வரி பிடித்து, அதைத் திரும்ப வாங்க நீங்கள் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும்!

அடுத்து, ரிசார்ட் பில்லைப் பார்த்து மிரளாதீர்கள். சர்வீஸ் சார்ஜ் குறைந்தது 10 சதவீதம். 2025 ஜூலையிலிருந்து சுற்றுலா ஜி.எஸ்.டி. 17 சதவீதம். ரிசார்ட்டில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 12 டாலர் பசுமை வரி. இத்தனையும் கட்டியபிறகு ‘இன்னும் எதற்கு டிப்ஸ்’ என்று கேட்பது நியாயம்தான். வரி அரசாங்கத்துக்குப் போகிறது. சர்வீஸ் சார்ஜை ஊழியர்களுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. ஆனால் பல ரிசார்ட்டுகளில் டைவ் சென்டரை நடத்துவது வேறொரு நிறுவனம், ஒப்பந்தத்தில். அறையிலும் உணவகத்திலும் நீங்கள் கட்டும் சர்வீஸ் சார்ஜில் டைவ் சென்டர்காரர்களுக்குப் பங்கு உண்டா என்பது அந்த ஒப்பந்தத்தைப் பொறுத்தது. முதல் நாள் கவுண்டரில் நேராகக் கேட்டுவிடுங்கள், தப்பாக நினைக்கமாட்டார்கள். டைவ் பில்லிலேயே சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தால், கீழே காலியாக ஒரு ‘டிப்’ கட்டம் இருக்கிறதே என்று கார்டில் இன்னொரு தொகையை எழுதாதீர்கள். டிப்ஸை ரொக்கமாக, கையில் கொடுங்கள்.

எவ்வளவு? வழக்கத்தில் இருக்கும் அளவு: உங்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போகும் கைடுக்கு ஒரு டைவருக்கு ஒரு நாளைக்கு 5 முதல் 10 டாலர். படகு ஆட்களுக்கு அதே கணக்கில் இரண்டு மூன்று டாலர். உங்கள் இருவருக்கும் மூன்று நாளுக்கும் சேர்த்து இது 42 முதல் 78 டாலர் வரும், 50 டாலர் கொடுத்தாலே போதும். நம்ம பணத்தில் ஐந்தாயிரம் ரூபாய்க்குள் முடிகிற விஷயத்துக்கு ஏஜென்ட் பதினாறாயிரம் கேட்கிறார் பாருங்கள். சேவை மோசமாக இருந்தால் குறைத்துக் கொடுங்கள், கொடுக்காமலும் வரலாம். நாள்கணக்கில் கப்பலிலேயே தங்கி டைவ் செய்யும் பயணத்துக்குக் கணக்கு வேறு, அது இப்போது உங்களுக்கு வேண்டாம்.

எல்லாரும் கைடுக்குக் கொடுத்துவிட்டுப் படகுக்காரர்களை மறந்துவிடுகிறார்கள். சிலிண்டரில் காற்று நிரப்புகிறவர், அதைத் தூக்கிப் படகில் ஏற்றுகிறவர், நீரோட்டம் இழுக்கும்போது நீங்கள் மேலே வரும் இடத்துக்குச் சரியாகப் படகைக் கொண்டுவரும் கேப்டன், இவர்கள் உங்களோடு போட்டோவில் இருக்கமாட்டார்கள். காசிமேட்டில் படகு கரைக்கு வந்ததும் படகுக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிப்பதைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டு கவர் போடுங்கள். ஒன்றில் கைடின் பெயர், இன்னொன்றில் ‘படகு’ என்று எழுதி கேப்டனிடம். கவுண்டரில் பொது டிப்ஸ் பெட்டி இருந்தால், அதில் படகு ஆட்களுக்கும் பங்கு உண்டா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கடைசி நாள் அறையைக் காலி செய்யும்போது கொடுக்கலாம் என்று வைத்திருக்காதீர்கள். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர்கள் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். அதனால் ஊருக்குக் கிளம்பும் நாளில் நீங்கள் டைவ் சென்டர் பக்கமே போகமாட்டீர்கள், உங்கள் கைடு வேறு கூட்டத்தோடு கடலில் இருப்பார். கடைசி டைவ் முடிந்து கரையேறியதும் கொடுத்துவிடுங்கள்.

டாலராகவே கொண்டுபோங்கள். ரிசார்ட் ஊழியர்களில் நிறையப் பேர் வங்கதேசம், இலங்கை, நம்ம ஊர் ஆட்கள். வீட்டுக்கு அனுப்ப அவர்களுக்கு டாலர்தான் வசதி. நம் ரூபாய் நோட்டைக் கொடுத்து அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள், சில்லறைக் காசும் வேண்டாம், அதை அங்கே மாற்ற முடியாது. ஆனால் இங்கே டாலர் மாற்றும் கடைகளில் 1, 5 டாலர் நோட்டு வாங்குவது பெரிய பாடு. பாஸ்போர்ட் நகல், படிவம் எல்லாம் வாங்கிக்கொண்டு கடைசியில் ஒரே ஒரு நூறு டாலர் நோட்டை நீட்டுவார்கள். அதை வைத்துக்கொண்டு யாருக்கு டிப்ஸ் கொடுப்பது? ஒரு வாரம் முன்னதாகவே போன் செய்து சில்லறை நோட்டு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அதற்காக, பாரிமுனை நடைபாதையில் ‘டாலர் வேணுமா சார்’ என்று கேட்பவரிடம் போகாதீர்கள். ரிசர்வ் வங்கி உரிமம் உள்ள கடை மட்டும், ரசீதோடு. கிழிசல், பேனாக் கிறுக்கல் உள்ள நோட்டைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. டைவ் சென்டர் முதலாளியே உங்களைக் கூட்டிப்போனால் அவருக்கு டிப்ஸ் வேண்டாம். விலை போட்டவரே அவர்தான். ரிசார்ட்டில் இது அபூர்வம், உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளின் சின்ன கெஸ்ட்ஹவுஸ்களில் சகஜம். முதலாளியின் தம்பி வந்தால்? அவர் சம்பளத்துக்கு வேலை செய்தால் கொடுக்கலாம், பங்குதாரர் என்றால் வேண்டாம். தெரியாவிட்டால் கவரைப் படகு ஆட்களிடம் கொடுத்துவிடுங்கள், முதலாளி அதை வாங்கி வைத்துக்கொண்டால் அது அவர் பாவம். முதலாளியே படகும் ஓட்டினால், நன்றாக எழுதி ஒரு ரிவ்யூ போடுங்கள், அதுதான் அவருக்கு வேண்டியது.

டைவுக்கு முன்னால் காசைக் காட்டாதீர்கள். மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவிங்குக்குச் சட்டப்படி எல்லை 30 மீட்டர். உங்கள் ஓபன் வாட்டர் சான்றிதழுக்கு 18 மீட்டர்தான். இருபது டாலருக்கு இன்னும் கொஞ்சம் ஆழம் காட்டுகிறேன் என்று ஒரு கைடு சொன்னால் அன்றைக்கே வேறு கைடு கேளுங்கள்.

பொருள் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். முறுக்கு, மிக்சர் எடுத்துப்போங்கள், தமிழ் ஆட்கள் இருந்தால் ரொம்ப சந்தோஷப்படுவார்கள். ஆனால் அது கவரோடு சேர்த்துத்தான், கவருக்குப் பதிலாக இல்லை. சென்னை விமான நிலைய டியூட்டி ஃப்ரீயில் கேப்டனுக்கு என்று பாட்டில் மட்டும் வாங்கிவிடாதீர்கள். மாலத்தீவுக்குள் மதுவைக் கொண்டுபோக அனுமதி இல்லை, மாலேயில் சுங்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, திரும்பும்போதுதான் தருவார்கள்.