கண்ணாடியில் ஒட்டும் மீன்: தாப்பாவில் வந்த கேள்விகள்

சென்ற ஞாயிறு பேராக் மாநிலத் தாப்பாவில், எங்கள் தோட்டத்துக் கோவில் மண்டபத்தில் மீன் வளர்ப்பவர்கள் கூடினோம். மலையோடைப் பாறைகளில் ஒட்டி வாழும் சிறு லோச் மீன்களைப் பல ஆண்டுகளாக வளர்ப்பவன் நான் என்பதால் கேள்விகள் என் பக்கமே வந்தன. அங்கே அவசரத்தில் விட்டுப்போனவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பீடோர் தம்பி: அண்ணன், கடையில் 'போர்னியோ சக்கர்' (ஒட்டும் மீன்) என்று சொல்லி மூன்று மீன் கொடுத்தார்கள். மூன்றும் மூன்று விதமாக இருக்கின்றன. எது உண்மையான போர்னியோ மீன்?

தம்பி, கடைப் பெயரை நம்பாதீர்கள், வயிற்றைப் பாருங்கள். தெளிவான பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு விரற்கடை தண்ணீர் ஊற்றி மீனை விடுங்கள். அது அடியில் ஒட்டிக்கொண்டதும் டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு வயிற்றுத் துடுப்புகளும் பின்பக்கம் ஒன்றாக இணைந்து கிண்ணம்போல் இருந்தால் அது காஸ்ட்ரோமைசான், செவெல்லியா, பியூஃபோர்டியா ஆகிய பேரினங்களில் ஒன்றாக இருக்கலாம். துடுப்புகள் தனித்தனியாக நின்றால் சூடோகாஸ்ட்ரோமைசான் அல்லது ஹோமலோப்டெரா வகை.

அடுத்து முதுகைப் பாருங்கள். கரிய உடலில் வெளிர்மஞ்சள் கோடுகள் வலைபோல் பின்னியிருந்தால் செவெல்லியா லினியோலாட்டா, வியட்நாம் மீன். வைக்கோல் நிறத்தில் கரும்புள்ளிகள் இருந்தால் பெரும்பாலும் தென்சீனத்தின் பியூஃபோர்டியா. காஸ்ட்ரோமைசான் போர்னியோத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லை. குந்தர் 1874இல் முதலில் விவரித்தது காஸ்ட்ரோமைசான் போர்னியென்சிஸ். காஸ்ட்ரோமைசான் பேரினத்துக்குள் பல இனங்கள் உண்டு. எந்த ஆற்றில் பிடித்தது என்று தெரியாமல் இனத்தின் பெயரை உறுதியாகச் சொல்வது கடினம், அதனால் நான் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வேன். நீங்கள் கைப்பேசியில் காட்டிய படத்தில் நடுவில் இருந்ததுதான் காஸ்ட்ரோமைசான், உண்மையான போர்னியோ மீன். மற்ற இரண்டும் செவெல்லியாவும் பியூஃபோர்டியாவும்.

தோட்டத்து அக்கா: கண்ணாடியில் ஒட்டுகிறதே, இது பண்டாராயா மீன் (தொட்டிப் பாசி தின்ன விற்கும் பிளெக்கோ) குஞ்சுதானே?

இல்லை, அக்கா. பண்டாராயா மீன் வாயால் ஒட்டும், உடம்பில் கடினமான தகடுகள் இருக்கும். இது துடுப்பாலும் வயிற்றாலும் ஒட்டும், தொட்டால் வழுவழுப்பாக இருக்கும். இரண்டையும் ஆற்றில் விட்டுவிடாதீர்கள். வெளியூர் மீன் நம் ஆற்றில் பெருகினால் என்ன ஆகும் என்பதற்குப் பண்டாராயாவே சாட்சி.

கம்பார் அண்ணன்: நம் ஊர் வெயிலில் இதை வளர்க்கவே முடியாது என்கிறார்களே?

முடியும். ஆனால் தண்ணீரின் சூட்டைவிட அதில் உள்ள காற்றைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரையாகிவிடும். பாறையில் மோதி நுரைக்கும் ஓடையில் பிறந்த மீனுக்கு அந்தக் குறைவு பெரிய குறைவு. குளிர்விக்கும் இயந்திரம் விலை அதிகம், என்னிடமும் இல்லை. தொட்டியின் மூடியை எடுத்துவிட்டு, நீர்ப்பரப்பின் மேல் சிறிய மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தண்ணீர் வற்றும், தினமும் நிரப்ப வேண்டும். வேகமான நீர்மோட்டாரை ஒரு மூலையில் வைத்து மேற்பரப்பு அலையடிக்கும்படி திருப்பிவிடுங்கள். 24 டிகிரிக்குள் வைக்க முடிந்தால் நல்லது.

பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று கட்டாயம் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மதியம் மின்சாரம் நான்கு மணி நேரம் நின்றது. நான் வேலையில் இருந்தேன். வீட்டுக்கு வந்தபோது ஆறு செவெல்லியா நிறம் வெளிறிக் கல்லிடுக்கில் கிடந்தன. அதே தொட்டியிலிருந்த கெண்டை வகை மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஆறையும் கையால் எடுத்துப் புதைத்தேன்.

சுங்கை சிப்புட் தம்பதியர்: ஆண் பெண் தெரியவில்லை. குஞ்சு பொரிக்குமா?

செவெல்லியா வீட்டிலேயே பொரிக்கும். மேலிருந்து பாருங்கள். ஆணின் தலை சதுரம்போல் இருக்கும், மார்புத் துடுப்பு தொடங்கும் இடத்தில் தோள்போல் ஒரு முனை தெரியும். பெண்ணின் தலையோரம் வளைந்து, தடங்கலின்றித் துடுப்போடு சேரும். முட்டை நிறைந்த பெண் அகலமாகவும் இருக்கும். ஆறு மீனாவது வாங்கினால் இரண்டும் கலந்து அமையும்.

தரையில் மணல் வேண்டாம், இறுகிவிடும். சிறிய உருண்டைக் கூழாங்கல்லை இரண்டு அங்குலம் போட்டு, மேலே பெரிய கற்களை அடுக்குங்கள். முட்டைகள் அந்த இடுக்குகளில்தான் தங்கும். ஆண் பெண்ணைச் சுற்றிச் சுற்றி வந்து உடலை ஒட்டி நடுங்குவதைப் பார்த்தால் பிறகு கல்லைக் கிளறாதீர்கள். வடிகட்டியின் உறிஞ்சும் வாயைப் பஞ்சால் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் குஞ்சுகள் அதில்தான் போய்ச் சேரும். என் தொட்டியில் ஆண்டுக் கடைசி மழைக்காலத்தில், சற்றுக் குளிர்ந்த தண்ணீர் மாற்றிய பிறகே குஞ்சுகள் தெரிந்தன.

குஞ்சுக்கு முதல் உணவு கல்மேல் படியும் பாசியும் அதிலுள்ள நுண்ணுயிர்களும். ஒரு வாளித் தண்ணீரில் கற்களை வெயிலில் வைத்துப் பாசி பிடிக்க விட்டு, வாரம் இரண்டு கல்லாகத் தொட்டியில் மாற்றி வையுங்கள். பெரியவற்றுக்கு வேகவைத்த கீரை, உறைந்த ரத்தப்புழு கொடுக்கலாம்.

அதே தம்பதியர்: ஆற்றுக் கல் போடலாமா?

கருங்கல் போடலாம். ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புக் கல் தண்ணீரைக் கடினமாக்கும். கல்லில் வினிகர் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், பொங்கினால் வேண்டாம். செம்பனைத் தோட்டத்தின் களைக்கொல்லி ஓடும் வாய்க்கால் கல்லை எடுக்கவே எடுக்காதீர்கள்.

பீடோர் தம்பி மறுபடியும்: ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சண்டை போடுகின்றனவே?

இடத்துக்கான மல்லுக்கட்டு. காயமாகாது. கல்லைக் கூட்டினால் தணிந்துவிடும்.

தமிழ்ப்பள்ளி மாணவி ஒருத்தி: மாமா, குஞ்சுகளை எப்படி எண்ணுவீர்கள்?

இரவு விளக்கணைத்து அரை மணி கழித்து, டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து மெதுவாக அடிக்க வேண்டும், அம்மா. பகலில் கல்லுக்கடியில் இருப்பவை அப்போது கண்ணாடிக்கு வந்துவிடும். ஒவ்வொன்றும் அரிசி மணி நீளம். வயிறு கண்ணாடி மாதிரி, உள்ளே தின்ற பாசி பச்சைப் புள்ளியாகத் தெரியும். அந்தப் பச்சை தெரிந்தால் குஞ்சு பசியில்லாமல் இருக்கிறது என்று எனக்கு நிம்மதி. நேற்றிரவு 11 எண்ணினேன், 9இல் பச்சை தெரிந்தது. மற்ற இரண்டுக்காக இன்று காலை ஒரு பாசிக்கல் கூடுதலாக வைத்திருக்கிறேன்.