'ட்ரக் கன்' என்றால் என்ன? அதற்கு ஏன் விலை குறைந்த துப்பாக்கியையே தேர்ந்தெடுக்கிறார்கள்?

'ட்ரக் கன்' என்பது தனி வகைத் துப்பாக்கி அல்ல. வண்டியிலேயே இருக்கட்டும் என்று ஒருவர் ஒதுக்கி வைக்கும் துப்பாக்கிக்கு அமெரிக்காவில் அப்படிப் பெயர்.

துப்பாக்கிக்கு வண்டி நல்ல இடமே இல்லை. டெக்சாஸ் கோடையில் மூடிய காருக்குள் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தொடும். குளிர்காலத்திலோ, ஜில்லென்று கிடக்கும் உலோகத்தின் மேல் ஹீட்டர் காற்று பட்டதும் ஈரம் பூக்கும். போட்ட எண்ணெய் காய்ந்துபோகும், துரு முதலில் திருகுத் தலைகளில் எட்டிப்பார்க்கும். அதனால் பளபளப்பான பூச்சு, மரப்பிடி எல்லாம் இங்கே வீண். துருப்பிடிக்காத எஃகும் பாலிமர் உடலும் போதும்.

நம்மூரில் நல்ல குடையை வீட்டில் வைத்துவிட்டு, பழைய குடையை ஸ்கூட்டர் டிக்கியில் போட்டு வைப்போமே, அதே கணக்குதான்.

என்னைக் கேட்டால், போலீஸ் துறைகள் கழித்துவிட்ட க்ளாக் 22 போன்ற .40 காலிபர் (அதாவது 0.40 அங்குலத் தோட்டா போடும்) கைத்துப்பாக்கிகள்தான் இதற்குச் சரி. எஃப்.பி.ஐ. 9 மி.மீ. தோட்டாவுக்குத் திரும்பியதும் பல துறைகள் பின்தொடர்ந்தன. பழைய .40 காலிபர் துப்பாக்கிகள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. உறையில் உரசி வெளிப்பூச்சு தேய்ந்திருக்கும், உள்ளே பெரிதாகத் தேய்மானம் இருக்காது. அப்புறம், மிச்சமாகும் பணத்தில் சீட்டின் சட்டத்தோடு எஃகுக் கேபிளால் பிணைக்கும் பூட்டுப்பெட்டி வாங்க வேண்டும். டேஷ்போர்டு அறையை ஒரு ஸ்க்ரூடிரைவரால் நெம்பிவிடலாம்.

'மலிவானதுதானே, திருடு போனால் போகட்டும்' என்று நினைப்பது தப்பு: நியூயார்க்கில் துப்பாக்கி காணாமல்போனது தெரிந்த 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்லியாக வேண்டும்.