காய்கறி ஏதும் இல்லாத நாளில், வீட்டிலுள்ள மளிகைச் சாமான்களை மட்டும் வைத்து முழுச் சாப்பாடு சமைக்க முடியுமா?

முடியும். ஒரு வேளைக்கு மட்டுமல்ல, தொடர்ந்து நான்கு நாட்கள் அப்படிச் சமைத்திருக்கிறேன். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை சென்னையைப் புரட்டிப்போட்டபோது, பள்ளிக்கரணையை ஒட்டிய எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. இரண்டாம் மாடி என்பதால் வீட்டுக்குள் வெள்ளம் வரவில்லை. ஆனால் மின்சாரம் இல்லை, பால் வரவில்லை, கடைக்குப் போக வழியும் இல்லை. கூடையில் ஒரு கைப்பிடிச் சின்ன வெங்காயமும் ஒரு முழுப் பூண்டும் கிடந்தன. நல்ல வேளையாகச் சிலிண்டர் மாற்றி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போதே ஆண்டுக்கு வேண்டியதை வாங்கிக் கொட்டை நீக்கி, உப்புச் சேர்த்து ஜாடியில் அடைத்துவைக்கும் பழக்கமும் எங்கள் வீட்டில் இன்னும் விட்டுப்போகவில்லை.

காய் இல்லையே என்று கையைப் பிசைவதற்கு முன்பு, குழம்பில் காய்க்கு என்ன வேலை என்று யோசித்துப் பாருங்கள். புளிப்பைப் புளி தருகிறது, காரத்தை மிளகாய் தருகிறது, மணத்தை நல்லெண்ணெயும் பெருங்காயமும் தருகின்றன. சோற்றோடு சேர்த்துக் கடித்துக்கொள்ள, குழம்பின் சாற்றை உறிஞ்சி வைத்திருக்கும் ஏதோ ஒன்று வேண்டும் என்பதற்காகத்தான் பெரும்பாலும் காய் போடுகிறோம். அந்த வேலையைச் சுண்டைக்காய் வற்றலும் செய்யும், அப்பளமும் செய்யும், அரைத்து உருட்டிய பருப்பும் செய்யும். வற்றல் குழம்பு, அப்பளக் குழம்பு, பருப்பு உருண்டைக் குழம்பு என்று தனித்தனியாகப் பெயர் சொன்னாலும் மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான் என்பது பிடிபட்டுவிட்டால், டப்பாவில் எது இருக்கிறதோ அதைப் போட்டுச் சமைக்கத் தயக்கம் இருக்காது.

முதல் நாளிலேயே மணத்தக்காளி வற்றல் தீர்ந்துவிட்டதால், இரண்டாம் நாள் அப்பளக் குழம்பு வைத்தேன். நால்வருக்கு ஐந்து உளுந்து அப்பளம் போதும். ஒவ்வொன்றையும் நான்காகக் கிள்ளி, மூன்று கரண்டி நல்லெண்ணெயில் பொரித்துத் தனியே எடுத்து வைத்துவிட்டு, அதே எண்ணெயில் கடுகு, வெந்தயம், துவரம்பருப்பு, காய்ந்த மிளகாய், பெருங்காயம் தாளிக்க வேண்டும். அடுப்பை நன்றாகத் தணித்த பிறகே சாம்பார் பொடியைப் போட வேண்டும்; சூடு மிஞ்சினால் பொடி கருகிக் குழம்பு முழுவதும் கசந்துவிடும். எலுமிச்சம்பழ அளவுப் புளியைக் கரைத்து ஊற்றி, பச்சை வாசனை போய் எண்ணெய் ஓரத்தில் பிரியும் வரை கொதிக்கவிட்டு, ஒரு தேக்கரண்டி அரிசி மாவைத் தண்ணீரில் கரைத்துச் சேர்த்தால் குழம்பு கெட்டியாகும். பொரித்த அப்பளத்தை அடுப்பை அணைக்கும்போது போட்டால் போதும். முன்னதாகவே போட்டுக் கொதிக்கவிட்டால் அது கரைந்து கூழாகிவிடும்.

இதில் நான் ஒரு தவறு செய்தேன். வழக்கமான கை அளவில் உப்பைப் போட்டுவிட்டேன். அப்பளத்தை ஊறவிட்டு வாயில் வைத்தபோதுதான் தெரிந்தது. "ஏம்மா, அப்பளத்துலயே உப்பு இருக்குமே, பாதி போட்டாப் போதாதா?" என்றார் என் மாமியார். மேலும் கொஞ்சம் புளியைக் கரைத்து ஊற்றி, ஒரு கட்டி வெல்லமும் சேர்த்துக் கொதிக்கவைத்துச் சமாளித்தோம். அந்தக் குழம்பு இரண்டு வேளைக்கு நீடித்தது என்பது வேறு விஷயம்.

மின்சாரம் இல்லாததால் மிக்ஸி ஓடவில்லை. அதனால் துவையல், அரைத்துவிட்ட குழம்பு எதையும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மிளகையும் சீரகத்தையும் இடிகல்லில் தட்டி, பூண்டை நசுக்கிப் போட்டு ரசம் வைக்க முடிந்தது. உண்மையில் மிக்ஸியில் பொடித்த மிளகைவிட இடித்த மிளகில்தான் ரசம் மணக்கிறது என்பது என் கட்சி. குளிர்சாதனப் பெட்டியும் நின்றுபோனதால் இரண்டாம் நாள் மாலைக்குள் தயிர் நன்றாகப் புளித்துவிட்டது. அதைக் கீழே ஊற்ற மனம் வராமல் மோர்க்களி கிண்டினேன். ஒரு தம்ளர் அரிசி மாவுக்கு இரண்டரைத் தம்ளர் புளித்த மோர். கட்டியில்லாமல் கரைத்து, நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, மோர் மிளகாய் தாளித்து, அதில் ஊற்றிக் கைவிடாமல் கிளற வேண்டும். விரலைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டுப் பார்த்து, மாவு ஒட்டவில்லையென்றால் வெந்துவிட்டது என்று பொருள்.

மூன்றாம் நாள் கொங்குப் பக்கத்து அரிசி பருப்பு சாதம். ஒன்றரைத் தம்ளர் அரிசிக்கு அரைத் தம்ளர் துவரம்பருப்பு, ஆறு தம்ளர் தண்ணீர். இருந்த சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் சீரகத்தோடு வதக்கிப் போட்டுக் குக்கரில் வைத்தால் குழைவாக வெந்துவிடும். தொட்டுக்கொள்ள ஊறுகாய் இருந்தது. காய் இல்லாவிட்டால் சத்துக் குறைந்துவிடுமே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் நிறைய உண்டு, பருப்பில் குறைவாக இருக்கும் மெத்தியோனின் அரிசியில் உண்டு. ஆகவே புரதத்தைப் பொறுத்தவரை இரண்டும் சேர்ந்தால் குறையில்லை. வைட்டமின் சி கிடைக்காது என்பது உண்மைதான். அதற்காகச் சில நாட்களில் ஒன்றும் ஆகிவிடாது.

நான்காம் நாள் காலையில் மின்சாரம் வந்ததும் முதல் வேலையாகத் துவரம்பருப்பை ஊறவைத்தேன். ஒரு மணி நேரம் ஊறிய பருப்பை நீரை நன்றாக வடித்துவிட்டு, காய்ந்த மிளகாய், சோம்பு, உப்புடன் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைத்து, நெல்லிக்காய் அளவில் உருட்டிக் கொதிக்கும் குழம்பில் போட வேண்டும். எல்லா உருண்டைகளையும் ஒரே நேரத்தில் கொட்டிவிடாதீர்கள். முதலில் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். அது முழுதாக மேலே மிதந்து வந்தால் மற்றவற்றையும் போடலாம். கரைந்தால், மீதி மாவில் ஒரு தேக்கரண்டி அரிசி மாவைப் பிசைந்துகொள்ளுங்கள், அல்லது இட்லித் தட்டில் ஆவியில் வேகவைத்துவிட்டுப் போடுங்கள். கரைந்துபோன அந்த ஓர் உருண்டையும் வீணாவதில்லை, குழம்பைக் கெட்டியாக்கிவிடும். அன்று அரிசி மாவு கரைத்து ஊற்ற வேண்டியதில்லை.