நீலநாக்கு: ஆட்டைத் தனியே கட்டினால் மட்டும் போதாது

கேள்வி: மழைக்குப் பிறகு எங்கள் செம்மறிகளில் இரண்டுக்குக் கடும் காய்ச்சல், மூக்கொழுகல், உதடு வீக்கம், நொண்டல். நீலநாக்கு என்கிறார்கள்; ஆனால் நாக்கு நீலமாக இல்லை. தனியே கட்டினால் மற்றவை தப்புமா?

பதில்: நாக்கின் நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். நோய் கண்டவற்றில் சிலவற்றுக்குத்தான் நாக்கு நீலம் பாரிக்கும். காலைத் தூக்கிப் பாருங்கள். குளம்பும் தோலும் சேரும் விளிம்பில் செந்நீலப் பட்டை ஓடி, அழுத்தியதும் ஆடு வெடுக்கென்று காலை இழுத்தால் சந்தேகம் வலுக்கிறது. கோமாரியிலும் ஆட்டுக்கொல்லி நோயிலும் வாய்ப்புண் வரும் என்பதால், காய்ச்சல் இருக்கும்போதே கால்நடை மருத்துவரை அழைத்து இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள்.

தனியே கட்டினால் கவனிக்க வசதி, அவ்வளவுதான். வைரஸைச் சுமந்து செல்வது கியூலிகாய்டிஸ் என்ற கடிபூச்சி. 1 முதல் 3 மி.மீ. நீளமே இருப்பதால் சாதாரணக் கொசுவலைக் கண்ணில் நுழைந்துவிடும். பொழுது சாயும்போது தொடங்கி விடியும்வரை கடிக்கும். எனவே இருட்டுமுன் ஆடுகளைக் கொட்டகைக்குள் அடைத்து, திறப்புகளில் பூச்சிமருந்து ஊட்டிய நெருக்கமான வலை கட்டுங்கள். டெல்டாமெத்ரின் போன்ற பூச்சிமருந்தை ஆட்டின் மேல் அடிப்பதானால் லேபிளில் உள்ள அளவைத் தாண்டாதீர்கள்.

பூச்சி பெருகுமிடம் சாணம் கலந்த ஈரச்சேறு. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக் கால் பதிந்து குழம்பிக் கிடக்குமே, அதுதான். கசிவை அடைத்து மண்ணை மேடாக்குங்கள், சாணத்தை அள்ளி அப்புறப்படுத்துங்கள். மாடுகளையும் மறக்காதீர்கள்: நலமாகத் தெரியும் மாட்டின் இரத்தத்திலும் வாரக்கணக்கில் வைரஸ் இருக்கும்.

வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. நோயுற்ற ஆடு பிழைப்பது பராமரிப்பில்தான். நிழலில் மெத்தென்ற படுக்கை போடுங்கள், வெயிலில் வீக்கம் கூடும். 1 லிட்டர் நீரில் 1 கிராம் பொட்டாசியம் பர்மாங்கனேட் கலந்து வாயைக் கழுவி, புண்ணில் போரோகிளிசரின் (போரிக் அமிலம் கலந்த கிளிசரின்) தடவுங்கள். கஞ்சியும் இளந்தழையும் கொடுங்கள். கஞ்சியை வலிந்து ஊற்றினால் நுரையீரலில் இறங்கி நிமோனியா வரும்.

தடுப்பூசி, உங்கள் பகுதியில் பரவும் வைரஸ் வகைக்குப் பொருந்தினால்தான் காக்கும். இந்த நோயில் 20க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. வைரஸைச் செயலிழக்கச் செய்து தயாரித்த தடுப்பூசியானால் பெரும்பாலும் 3–4 வார இடைவெளியில் இரண்டு தவணை, மழைக்காலத்துக்கு ஒரு மாதம் முன்பே முடிந்திருக்க வேண்டும். உயிருள்ள வைரஸ் கொண்ட தடுப்பூசியைச் சினை ஆட்டுக்குப் போடக்கூடாது; கரு கலையும், அல்லது மூளை வளராத குட்டி பிறக்கும். எந்த ஊசியானாலும் ஆட்டுக்கு ஆடு ஊசிமுனையை மாற்றுங்கள். நோயுற்ற ஆட்டின் இரத்தம் ஒட்டிய முனை, கடிபூச்சி செய்யும் வேலையையே செய்துவிடும்.